தடித்த கோடும் மெல்லிய கோடும்

பொருநையாறு கடலொடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் ஊர் அமைந்துள்ளது. தூத்துக்குடிக்குத் தெற்கே, பழம்புகழ் வாய்ந்த கொற்கைக்கு அணித்தாக உள்ள ஊர் அது. கொற்கை முத்து உலகெங்கும் பெயர் பெற்றது என்பதனை நீங்கள் அறிவீர்கள். பாண்டியர் காலம் முதல் இக்கடலில் முத்துக்குளித்தல் நடைபெற்றது. 1961ஆம் ஆண்டோடு அத்தொழில் ஓய்ந்தது. ஆனால் இம்முத்துக் கரை உலகிற்கு அளித்த மற்றொரு செல்வம் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. அஃது யாதெனின், தமிழ் அச்செழுத்தாம்.

போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த அண்டிரிக்கு அடிகளார் என்னும் பாதிரியார் இக்கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். பரதவ மக்களோடு பழகித் தமிழைக் கற்றார். கற்ற தமிழில் நூல்களும் எழுதினார். எழுதியவற்றை ஏட்டில் படியெடுத்துப் பரப்புவது அரிதாக இருந்தது. ஆகவே அச்சிட விழைந்தார். கோவாவிலும் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பெற்றன. 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதன் படியொன்று இன்று அமெரிக்க நாட்டு ஆர்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலும் அச்சாயிற்று. அது புன்னைக்காயலிலேயே அச்சிடப்பெற்றது என்பர் அறிஞர். 1600ஆம் ஆண்டில் அடிகளார் மறைந்தார்.

இவ்வாறு தோன்றிய அச்செழுத்து இன்று நம் வாழ்வில் எங்கும் நிறைந்துள்ளது. பாடநூலில் எழுத்து; பேருந்தில் எழுத்து; மருந்துப் புட்டியில் எழுத்து; கைப்பேசியில் எழுத்து. ஆயினும் நாம் எழுத்தைப் படிக்கின்றோமேயன்றி எழுத்தைப் பார்ப்பதில்லை. மாணவர்களே, இன்று சிறிது நேரம் எழுத்தைப் படிப்பதை விடுத்து அதனை உற்றுப் பாருங்கள். சில எழுத்துகளில் எல்லாக் கோடுகளும் ஒரே பருமனாக இருக்கும். சிலவற்றில் ஒரு கோடு பனைமரம்போல் பருத்தும், அடுத்த கோடு தலைமயிர்போல் மெலிந்தும் நிற்கும். இவ்வேறுபாடு எதனால் வந்தது? அதனால் விளையும் அழகு யாது? பயன் யாது? ஊறு யாது? இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

எழுத்தின் வடிவத்தை முதலில் வகுப்பது எழுதும் கருவி. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். எழுத்தாணியின் முனை கூர்மையானது. அஃது ஓலையைக் கீறிச் செல்லும். மேல்நோக்கிச் சென்றாலும் கீழ்நோக்கிச் சென்றாலும் கீறல் ஒரே பருமன் உடையதாகவே அமையும். பின்னர் ஓலையின்மீது கரியைத் தடவினால் கீறல்கள் கருமை பெற்று எழுத்துகள் விளங்கித் தோன்றும். ஆகவே ஓலையெழுத்தில் தடித்த கோடு என்றும் மெல்லிய கோடு என்றும் பாகுபாடு இல்லை. அழுத்திப் புள்ளியிட்டால் ஓலையில் துளை விழும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையும் இடாமல் விடுத்தனர் என்பர். புள்ளி இடவேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏட்டு வழக்கு அதனைக் கைவிட்டது. படிப்போர் இடம்நோக்கி, மெய்யோ உயிர்மெய்யோ என்று தாமே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. இச்செய்தியை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் இதற்கே மீண்டும் வருவோம்.

மேலைநாட்டார் கருவி வேறு. அவர்கள் பறவையின் இறகை அலகுபோல் தட்டையாகச் சீவி, மையில் தோய்த்துத் தோலிலும் தாளிலும் எழுதினர். தட்டையான முனை ஒரு திசையில் செல்லும்போது அகன்ற கோட்டையும், வேறொரு திசையில் செல்லும்போது ஒடுங்கிய கோட்டையும் தரும். ஆகவே அவர்தம் எழுத்தில் தடிப்பும் மெலிவும் இயல்பாகவே அமைந்தன. மேலும், உரோமர் கல்லில் வெட்டிய எழுத்துகளில் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சிறியதொரு குறுக்குக்கோடு காணப்படும். தூணுக்கு அடியில் பீடமும் தலையில் போதிகையும் அமைந்தாற்போல அது கோட்டின் இரு கடைகளையும் முடித்து வைக்கும். அதனைச் 'செரிஃப்' என்பர். உரோமாபுரியில் டிராசன் என்னும் பேரரசன் பெயரால் கி.பி. 113இல் எழுப்பப்பெற்ற தூணின் அடியில் உள்ள கல்வெட்டு இத்தகைய எழுத்திற்குச் சிறந்த சான்றாகும்.

இனி, உலோக எழுத்து உருவாகும் முறையை அறிவோம். முதலில் எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தை இடவலமாக மாற்றிச் செதுக்குவர். அவ்வெஃகைச் செம்புத் தகட்டின்மீது வைத்து ஓங்கி அடிப்பர். செம்பில் எழுத்தின் பள்ளம் பதியும். அதுவே வார்ப்புக்கு உரிய அச்சு. அதில் ஈயம், அந்திமனி, வெள்ளீயம் ஆகியவற்றை உருக்கிக் கலந்த குழம்பை வார்த்தால் எழுத்துக் கிடைக்கும். ஓர் அச்சிலிருந்து எண்ணிறந்த எழுத்துகளை வார்க்கலாம். முத்துக்களைச் சல்லடையிலிட்டுச் சலித்து அளவு வாரியாகப் பிரித்து வைத்ததுபோல, அச்சுக்கூடத்தில் எழுத்துகளை வகைவாரியாக அறைப்பெட்டிகளில் இட்டு வைப்பர். அச்சுக் கோப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லாகவும் வரியாகவும் அடுக்குவார். மை தடவித் தாளை அழுத்தினால் பக்கம் உருவாகும்.

எஃகில் செதுக்குவோன் கை எவ்வளவு நுண்மையானதோ அவ்வளவு நுண்மையான கோட்டை எழுத்தில் அமைக்கலாம். ஆனால் அக்கோடு தாளில் பதியவேண்டுமே! முற்காலத்துத் தாள் கரடுமுரடானது. மையோ கசியும் இயல்பினது. மெல்லிய கோடு ஓரிடத்தில் அறுந்தும் ஓரிடத்தில் கசிந்தும் போகும். ஆகவே நெடுங்காலம் அச்செழுத்தின் தடிப்புக்கும் மெலிவுக்கும் பெரிய வேறுபாடு வைக்க இயலவில்லை.

இக்குறையை நீக்க முயன்றவருள் தலைசிறந்தவர் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த பாஸ்கர்வில் என்பவர். 1706இல் பிறந்து 1775இல் மறைந்த இவர், இளமையில் எழுத்துப் பயிற்சி அளிக்கும் ஆசிரியராகவும் கல்லில் எழுத்து வெட்டுபவராகவும் இருந்தவர். எழுத்தை மட்டும் சீர்திருத்தினால் போதாது என்பதனை இவர் உணர்ந்தார். கருமை மிக்க மையைக் காய்ச்சினார். வழவழப்பான தாளைத் தேடினார். அச்சான தாளைச் சூடான தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்தி மெருகேற்றினார். 1757ஆம் ஆண்டில் இவர் அச்சிட்ட வெர்சில் என்னும் இலத்தீன் புலவரின் நூல் கண்டோரை வியக்கச் செய்தது.

வியந்தோர் இருந்ததுபோலவே இகழ்ந்தோரும் இருந்தனர். ஒரு நாள் ஒரு பெரியவர், பாஸ்கர்விலின் எழுத்துகள் மிக மெல்லிய கோடுகளை உடையன. அவை நாட்டு மக்களின் கண்ணைக் கெடுத்துவிடும் என்று பெஞ்சமின் பிராங்கிளினிடம் குறை கூறினார். பிராங்கிளின் அமெரிக்க அறிஞர். தாமே அச்சுத் தொழில் செய்தவர். அவர் உள்ளே சென்று, அக்காலத்தில் யாவரும் போற்றிய காஸ்லன் என்பவரின் எழுத்து மாதிரித் தாளை எடுத்தார். அதன் தலைப்பிலிருந்த பெயரைக் கிழித்துவிட்டார். 'இதோ பாஸ்கர்விலின் எழுத்து. இதில் எங்கே குறை என்று காட்டுக' என்று அவரிடம் நீட்டினார். அப்பெரியவர் எழுத்து எழுத்தாகக் குற்றம் காட்டினார். இதனைப் படிக்கும்போதே கண் வலிக்கின்றது என்றும் கூறினார். அவர் கண்ணை வருத்தியது எழுத்தன்று. மனத்தில் குடிபுகுந்த முற்கோள். பிராங்கிளின் உண்மையை அவரிடம் உரைத்து நாணச் செய்யாமல் விடுத்தார். இந்நிகழ்ச்சியை 1760ஆம் ஆண்டில் பாஸ்கர்விலுக்கு மடல் வாயிலாக அவரே தெரிவித்தார்.

பாஸ்கர்வில் காட்டிய வழியில் இருவர் மேலும் நெடுந்தொலைவு சென்றனர். ஒருவர் இத்தாலி நாட்டுப் போடோனி; மற்றொருவர் பிரான்சு நாட்டுத் திதோ. போடோனி 1740இல் சலுத்சோ என்னும் ஊரில் பிறந்தவர். 1768இல் பார்மா நகரத்துக் கோமகனின் அச்சுக்கூடத்தை நடத்தும் பொறுப்பை ஏற்று, 1813இல் தாம் மறையுமளவும் அந்நகரிலேயே உழைத்தார். அவர் செதுக்கிய எழுத்து வகைகளையெல்லாம் தொகுத்த பெருநூலை, அவர் மறைந்த பின்னர் 1818இல் அவர்தம் மனைவியார் இரு தொகுதிகளாக வெளியிட்டார். திதோவின் குடும்பமோ வழிவழியாக அச்சுத் தொழில் செய்த குடும்பம். எழுத்தின் அளவைக் கணிக்கப் 'புள்ளி' என்னும் அலகை ஒழுங்குபடுத்தியவர் அக்குடும்பத்துப் பிரான்சுவா அம்புருவாஸ் திதோ. அவர் மகன் பிர்மின் திதோ 1764இல் பிறந்து 1836இல் மறைந்தார். மெல்லிய கோட்டை இயன்ற அளவு மெலிவித்தவர் அவரே.

இவ்வகை எழுத்தின் தோற்றத்தைச் சிறிது விரித்துரைப்போம். ஆங்கில எழுத்தாகிய 'எச்' என்பதனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு நெடுங்கோடுகளும் செங்குத்தாக, தடித்து, கருமையாக நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக்கோடு நூலிழைபோல் மெலிந்து செல்லும். நெடுங்கோடுகளின் தலையிலும் அடியிலும் உள்ள செரிஃப்களும் அவ்வாறே மயிரிழையாய்க் கிடக்கும். பழைய எழுத்தில் செரிஃப், கிளையோடு கணு பொருந்தினாற்போல நெடுங்கோட்டோடு வளைந்து பொருந்தும். இங்கோ வளைவு இல்லை. கோட்டின்மேல் கோடு நேராக வந்து அமரும். 'ஓ' என்னும் எழுத்தின் இரு பக்கங்களும் பருத்திருக்க, உச்சியும் அடியும் காணப்படாத அளவிற்கு மெலிந்திருக்கும். பழைய எழுத்தில் இத்தடிப்பு சாய்வாக அமையும்; ஏனெனில் எழுதுவோன் இறகைச் சாய்த்துப் பிடிப்பான். போடோனியின் எழுத்தில் சாய்வு இல்லை. கையெழுத்தின் நினைவு மறைந்து, அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்த ஒழுங்கு அதில் விளங்கும்.

இத்தகைய எழுத்தைப் போடோனி எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். அவர் பக்கத்தை எழுத்தால் நிரப்பவில்லை. நான்கு புறமும் அகன்ற வெற்றிடம் விட்டார். வரிக்கும் வரிக்கும் இடையே நல்ல இடைவெளி விட்டார். பெரிய எழுத்தில் சில சொற்களையே இட்டார். வெண்மையின் நடுவே கருமை விளங்கிற்று. மணற்பரப்பில் தனித்துக் கிடக்கும் ஒரு முத்தை எல்லாரும் காண்பர்; குவியலில் கிடக்கும் முத்தை யார் காண்பார்? அவர்தம் எழுத்தின் அழகில் ஒரு பாதி எழுத்தில் உள்ளது. மறுபாதி அதனைச் சூழ்ந்த வெற்றிடத்தில் உள்ளது.

தமிழிலக்கணம் கற்கும் உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். வல்லினம் மட்டுமே தொடர்ந்து வந்தால் செவி வருந்தும். மெல்லினம் மட்டுமே தொடர்ந்து வந்தால் சொல் சோர்ந்துவிடும். இரண்டும் அளவாகக் கலந்து வருவதே செவிக்கு இனிமை. எழுத்தின் வடிவிலும் அவ்வாறே. தடித்த கோடு எழுத்துக்கு வலிமை தருகின்றது. மெல்லிய கோடு நயம் தருகின்றது. இவ்விரண்டின் வேறுபாடு மிகுந்து நிற்கும்போது எழுத்து கண்ணைச் சட்டெனக் கவர்கின்றது. ஆகவேதான் நூலின் முகப்பிலும், இதழின் பெயரிலும், மண அழைப்பின் தலைப்பிலும், நகைக்கடைப் பெயர்ப்பலகையிலும் இவ்வகை எழுத்தை விரும்பி இடுகின்றனர். ஆடையணிகளைப் பற்றி உலகெங்கும் வெளிவரும் 'வோக்' என்னும் இதழின் பெயர் திதோ வகை எழுத்திலேயே அமைந்துள்ளது.

ஆனால் கவர்வது வேறு. படிக்கத் துணைபுரிவது வேறு. இவ்வெழுத்தைச் சிறிய அளவில் இட்டு நூறு பக்கம் படிக்கச் சொன்னால் என்ன நிகழும்? தடித்த நெடுங்கோடுகள் வேலியின் கம்பங்கள்போல் அணிவகுத்து நிற்கும். அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகள் கண்ணுக்குத் தோன்றா. கம்பங்களுக்கிடையே கதிரவன் ஒளி விட்டுவிட்டு வீசுவதுபோல் கண் கூசும். தாள் மட்டமானதாயினும், மை குறைந்தாலும், ஈய எழுத்து தேய்ந்தாலும் முதலில் அழிவது மெல்லிய கோடே. 'ஈ' என்னும் சிறிய ஆங்கில எழுத்தின் நடுக்கோடு அழிந்தால் அது 'சி' என்று தோன்றும். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் எழுத்து சிறுசிறு ஒளிப்புள்ளிகளால் ஆகின்றது. மெல்லிய கோடு ஒரு புள்ளியினும் குறுகியதாயின், மங்கிப்போகும். அன்றேல் பருத்து நயம் இழக்கும். இதனை உணர்ந்தே, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் திதோ எழுத்தைப் புதுக்கிய ஓர் எழுத்துக் கலைஞர் அதனை ஏழு அளவுகளுக்கு ஏழு வடிவாக வரைந்தார். சிறிய அளவிற்கு உரிய வடிவில் மெல்லிய கோட்டைச் சற்றுப் பருமனாக்கினார். பெரிய அளவிற்கு உரியதில் மெலிவித்தார்.

பாஸ்கர்விலைக் குறை கூறிய பெரியவர் முற்கோளால் பிழைபட்டார். எனினும் மெல்லிய கோடு படிப்போரை வருத்தக்கூடும் என்னும் அச்சம் முற்றிலும் பொய்யன்று. அளவும் இடமும் அறியாது இட்டால் அது மெய்யாகிவிடும்.

இனித் தமிழ் எழுத்திற்கு வருவோம். அண்டிரிக்கு அடிகளாருக்குப் பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழ் அச்சுக்கூடம் நிறுவினார். அவருக்காகச் செருமனி நாட்டு ஆலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிசன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்தை மேலும் சிறிதாகவும் திருத்தமாகவும் ஆக்கினார். 1862இல் அங்கே அச்சான வின்சுலோ அகராதியைப் புரட்டிப் பார்ப்போர், அத்துணைப் பெரிய சொற்கடல் ஒரே நூலுள் அடங்கியதன் அருமையை உணர்வர். பக்கத்திற்குள் எத்துணைச் சொல் அடங்கும், படிப்போன் கண் எத்துணை நேரம் தாங்கும் என்னும் இரண்டையும் எண்ணியே எழுத்து வடிவம் வளர்ந்தது.

தமிழ் எழுத்திற்கென ஒரு தனித்தன்மை உண்டு. அதில் புள்ளியும் கொம்பும் சுழியும் பொருளைத் தாங்கி நிற்பன. 'பல்' என்பதன் புள்ளி மறைந்தால் 'பல' ஆகிவிடும். தொடக்க கால அச்சு நூல்கள் பெரும்பாலும் ஓலை வழக்கைப் பின்பற்றிப் புள்ளியின்றியே வந்தன. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வடிவ வேறுபாடு இல்லாத நிலையும் இருந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர் அவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வரிவடிவங்களைப் புகுத்தினார். புள்ளியும் நாளடைவில் அச்சில் நிலைபெற்றது. ஓலை இழந்த புள்ளியை அச்சு மீட்டுத் தந்தது. அவ்வாறு மீட்ட செல்வத்தை அழகின் பெயரால் மீண்டும் இழக்கலாமா? இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. கண்ணெதிரே கண்ட ஒரு நிகழ்ச்சியால் எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் தம் மகளின் மண அழைப்பிதழின் மாதிரியை எடுத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்தவர் அவர். உடன் அவர் தாயாரும் வந்திருந்தார். அழைப்பிதழ் மிக அழகாக இருந்தது. வெளிர்மஞ்சள் தாளில் பொன்னிற மையால் அச்சிட்டிருந்தனர். தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறிமாறி வரும் புதுவகைத் தமிழ் எழுத்து. 'பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள், ஐயா' என்றார் மாணவர். நான் கண்ணாடியை அணிந்துகொண்டு படிக்கத் தொடங்கினேன்.

அப்போது அவ்வம்மையார் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். அவர் எழுபது ஆண்டைக் கடந்தவர். இளமையில் பள்ளிக்குச் சென்றவரல்லர். 1990களில் அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், பகலெல்லாம் உப்பளத்தில் உழைத்துவிட்டு, இரவில் விளக்கொளியில் அமர்ந்து எழுத்தறிவு பெற்றவர். 'அம்மா, உங்கள் பேத்தியின் அழைப்பிதழைப் படித்தீர்களா?' என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். 'பார்த்தேன், ஐயா. பெரிய எழுத்து விளங்குகின்றது. உள்ளே ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் பெயரை எங்கே போட்டிருக்கின்றார்கள் என்று தேடினேன், அகப்படவில்லை. கற்ற எழுத்து என்னை விட்டுப் போய்விட்டது போலும்' என்றார்.

நான் மீண்டும் அழைப்பிதழை நோக்கினேன். மறைந்த அவர் கணவரின் பெயர் அங்கே இருந்தது. அப்பெயரின் இறுதியில் 'முத்து' என்னும் சொல் உண்டு. நடுவிலுள்ள தகர ஒற்றின் புள்ளி, பொன்னிற மையில் ஊசிமுனை அளவே இருந்தமையால், தாளில் பதியவில்லை. உகரத்தின் கீழ்வளைவும் மெலிந்து மறைந்திருந்தது. 'முத்து' என்பது 'மதத' என்று நின்றது! கற்றறிந்த நான் இடம் நோக்கிப் பொருளை உணர்ந்துகொண்டேன். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் அவ்வம்மையார் எவ்வாறு உணர்வார்?

உடனே அலமாரியிலிருந்து பழைய தொடக்கப்பள்ளிப் பாடநூல் ஒன்றை எடுத்து அவரிடம் தந்தேன். தடித்த, தெளிவான எழுத்து, கறுப்பு மை. அவர் விரலை வரியின்மீது வைத்து ஒரு பக்கம் முழுவதும் தடையின்றிப் படித்தார். படித்து முடித்து என்னை நோக்கினார். அவர் கற்ற எழுத்து அவரை விட்டுப் போகவில்லை. எழுத்துத்தான் அவரை விட்டு விலகி நின்றது.

மாணவர் வாய்பேசாது நின்றார். நாங்கள் இருவரும் அச்சுக்கூடத்திற்குச் சென்றோம். அச்சகத்தார் நல்லவர். செய்தியைக் கேட்டதும், 'திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது, ஐயா' என்று வருந்தினார். புதிய எழுத்தை அடியோடு நீக்குமாறு நான் சொல்லவில்லை. 'திருமண அழைப்பிதழ்' என்னும் தலைப்பும் மணமக்கள் பெயரும் பெரிய அளவில் அவ்வெழுத்திலேயே இருக்கட்டும்; ஆங்கே அது நன்றாகப் பொலிகின்றது. பெற்றோர், பாட்டனார் பெயரும், நாளும், நேரமும், இடமும் ஒரே பருமனுள்ள எளிய எழுத்தில், கரிய மையில் வரட்டும் என்றேன். அவ்வாறே அமைத்தனர். அழகு சிறிதும் குறையவில்லை. கூடிற்று என்றே சொல்வேன். புதிய படியை அவ்வம்மையார் கையில் தந்தபோது, அவர் தம் கணவரின் பெயரை வாய்விட்டுப் படித்தார். இருமுறை படித்தார்.

மாணவர்களே, படிக்க இயலாத எழுத்தைக் காண்போர், 'எழுத்தில் குறை' என்று எண்ணுவதில்லை. 'என்னில் குறை' என்றே எண்ணுகின்றனர். அதுவும் அரிதின் முயன்று கற்றோரே முதலில் அவ்வாறு எண்ணித் தலைகுனிகின்றனர். ஆகவே எழுத்தைத் தேர்வது சிறிய செயலன்று. பிறர்மீது அன்பு பாராட்டும் செயல்களுள் அதுவும் ஒன்று.

தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்லும்போது கரையில் நின்று கப்பல்களை நோக்குங்கள். கப்பலின் பெயரைப் பக்கத்தில் பெரிதாகவும் தடிப்பாகவும் எழுதியிருப்பர். நெடுந்தொலைவிலிருந்தும் மங்கிய ஒளியிலும் படிக்க வேண்டிய பெயர் அது; ஆங்கே மயிரிழைக் கோட்டிற்கு இடமில்லை. மருந்தின் அளவைக் கூறும் தாளிலும், புயல் எச்சரிக்கையிலும், பேருந்தின் ஊர்ப்பெயரிலும் தெளிவே அழகு. கவிதை நூலின் முகப்பிலோ, கலைவிழா அழைப்பின் தலைப்பிலோ, பாராட்டிதழிலோ மெல்லிய கோடு நடமிடலாம். ஆங்கே கண் விரைந்து ஓடாது நின்று சுவைக்கும்.

இனி, நீங்களே பள்ளி விழாவிற்கு அழைப்பிதழோ சுவரொட்டியோ ஆக்க நேரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனைப் படிப்பவர் யார்? எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தகைய ஒளியில் படிப்பார்? எந்தச் சொல் மறைந்தால் பொருள் கெடும்? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து அமையாமல், தாளில் உரிய அளவில் அச்சிட்டு, வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் தந்து படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்துவிட்டால் உங்கள் எழுத்து வென்றது.

முத்தின் ஒளி சிப்பிக்குள் கிடக்கும்வரை எவர்க்கும் பயன்படாது. கரைக்கு வந்து ஒருவர் கண்ணிற் பட்டபோதே அது செல்வமாகின்றது. எழுத்தும் அத்தகையதே. அதன் தடித்த கோடும் மெல்லிய கோடும் படிப்பவர் உள்ளத்தைச் சென்று அடைவதற்கு ஏற்பட்ட வழிகள். அவ்வழியில் ஒருவரும் இடறாதவாறு எழுத்தை அமைப்பதே உண்மையான எழுத்தழகு ஆகும்.